படிகாரக் கல்லில் இருப்பதும் அலுமினியம்தான்

சலூனில் சவரம் முடிந்ததும் முகத்தில் தேய்க்கும் படிகாரக் கல்லைச் செதுக்கிப் பளபளப்பாக்கி, பிளாஸ்டிக் குப்பியில் பொருத்தி, ‘இயற்கை டியோடரண்ட்’ என்று உலகம் முழுக்க விற்கிறார்கள். ‘அலுமினியம் குளோரோஹைட்ரேட் இல்லை’ என்று மேலே அச்சிட்டிருக்கும். வாங்குகிறவர் அதை அலுமினியமே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார். பாகூரிலோ கடலூரிலோ நாட்டு மருந்துக் கடையில் அதே கல் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். விலையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. படிகாரம் என்பதே பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்ஃபேட் உப்பு. அதன் எடையில் ஏறத்தாழ 5.7 சதவீதம் அலுமினியம். அலுமினியத்துக்குப் பயந்து படிகாரத்துக்கு மாறுகிறவர் அலுமினியத்திடமே திரும்பி வருகிறார்.

டியோடரண்டுக்கு இயற்கை மாற்று எது என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்து தொடங்குவதுதான் நேர்மை. எது இயற்கை, எது செயற்கை என்று பிரித்துவிட்டால் தேர்வு முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். முடியாது. ஒவ்வொரு பொருளும் தோலில் என்ன செய்கிறது, யாருடைய தோலில், எந்த வெயிலில் என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும். புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் செலியமேடு மாதிரியான ஊர் இதற்கு நல்ல உரைகல். நெல்லும் கரும்பும் விளையும் பகுதி; வயல் வேலை இன்னும் இருக்கிறது. இளையவர்கள் கல்லூரிக்கும் தொழிற்பேட்டைக்கும் பஸ்ஸில் போகிறார்கள். கடல் தூரத்தில் இல்லை. காற்றில் ஈரப்பதம் அதிகம், வேர்வை எளிதில் ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்கும். குளிர்நாட்டில் எழுதிய யோசனைகள் இங்கே அப்படியே செல்லாது.

முதலில் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வேர்வைக்கு வாடை கிடையாது, அல்லது இல்லாத அளவுக்குக் குறைவு. நம் உடம்பில் இரண்டு வகை வேர்வைச் சுரப்பிகள் உண்டு. உடல் முழுக்க இருபது, முப்பது லட்சம் எண்ணிக்கையில் பரவியிருப்பவை எக்ரைன் சுரப்பிகள். வெயிலில் உடம்பைக் குளிரவைக்கும் உப்புத் தண்ணீர் இவற்றிலிருந்து வருகிறது. அபோக்ரைன் சுரப்பிகள் அக்குளிலும் தொடை இடுக்கிலும்தான் அதிகம்; வயதுக்கு வரும்போதுதான் இவை வேலையைத் தொடங்கும். இவை கொழுப்பும் புரதமும் கலந்த கெட்டியான நீரைச் சுரக்கின்றன. அக்குளில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போது வெளிப்படும் அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும்தான் ஊரில் ‘கத்தாழை நாத்தம்’ என்று சொல்லப்படுவது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியா எந்த நொதியைக் கொண்டு கந்தக வாடையை உண்டாக்குகிறது என்பதை இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகமும் யூனிலீவர் நிறுவன ஆய்வாளர்களும் சேர்ந்து 2020-இல் வெளியிட்டார்கள்.

ஆகவே நாற்றத்தைக் குறைக்க நான்கு வழிகள்தான் உண்டு: வேர்வையைக் குறைப்பது, பாக்டீரியாவைக் குறைப்பது, ஈரத்தை உறிஞ்சுவது, வேறு மணத்தால் மூடுவது. கடையில் டியோடரண்ட் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் கலந்திருக்கின்றன. வெறும் டியோடரண்ட் பாக்டீரியாவைக் குறைத்து மணம் பூசுகிறது. ‘ஆன்ட்டிபெர்ஸ்பிரன்ட்’ என்று எழுதியிருந்தால் அதில் அலுமினிய உப்பு உண்டு. அது வேர்வைக் குழாயின் வாயில் கூழ்போல் உறைந்து, தற்காலிகமாக ஓட்டத்தைத் தடுக்கிறது. நம் இளைஞர்கள் சட்டைமேல் அடித்துக்கொள்ளும் பாடி ஸ்பிரேக்களில் பல இந்த இரண்டுமில்லாமல் ஆல்கஹாலும் வாசனையும் மட்டுமே. அலுமினியப் பயத்தால் அவற்றை விடுகிறவர் முதலில் குப்பியின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது.

அந்தப் பயத்தின் நிலை என்ன? அலுமினியம் மார்பகப் புற்றுநோய் தரும் என்ற செய்தி இணையம் வந்த காலத்திலிருந்து சுற்றுகிறது. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் ஒப்பிட்டு 2002-இல் வெளியான ஆய்வு டியோடரண்ட் பயன்பாட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு காணவில்லை. 2004-இல் இங்கிலாந்தில் 20 மார்பகக் கட்டிகளில் டியோடரண்டோடு சேர்த்துப் பேசப்படும் பாரபென் என்ற பதப்படுத்தும் பொருள் இருப்பதாக ஓர் ஆய்வு சொன்னது. அது பெரிதாகப் பரவியது. ஆனால் அந்த ஆய்வில் நோயில்லாத திசுவோடு ஒப்பீடு இல்லை. பாரபென் இருந்தது என்பதிலிருந்து பாரபென்தான் காரணம் என்று போக முடியாது. அலுமினியம் தோல்வழியே எவ்வளவு உள்ளே போகிறது என்று இரண்டே பேரிடம் அளந்த 2001-ஆம் ஆண்டு ஆய்வில் பூசியதில் 0.012 சதவீதம் என்று வந்தது.

அரசுகளும் இதில் தடுமாறித்தான் நடந்திருக்கின்றன. பிரான்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் 0.6 சதவீதத்துக்கு மேல் அலுமினியம் வேண்டாம் என்றது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2014-இல் எச்சரித்து, கூடுதல் தரவு வந்தபின் 2020-இல் பாதிப்புக்கு வாய்ப்பு குறைவு என்று திருத்திக்கொண்டது. அதே 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு, ஸ்பிரே அல்லாத டியோடரண்டில் 6.25 சதவீதம்வரை பாதுகாப்பானது என்றது. என் கணிப்பில் புற்றுநோய்ப் பயத்துக்கு மட்டும் ஒருவர் ரோல்-ஆனை விட வேண்டியதில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் கணக்கு வேறு. உள்ளே வந்த அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அதனால் அமெரிக்காவில் ஆன்ட்டிபெர்ஸ்பிரன்ட் குப்பிகளில், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டபின் பயன்படுத்தவும் என்று அச்சிட வேண்டும். இந்த எச்சரிக்கை நம் வீட்டுப் படிகாரத்துக்கும் பொருந்தும் என்பதை யாரும் சொல்வதில்லை.

இவ்வளவும் சொன்னபிறகும், விலை, எளிமை, பலன் மூன்றையும் பார்த்தால் படிகாரத்துக்கு நான் முதலிடம்தான் தருவேன், அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு. அது புளிப்புத் தன்மையுள்ள துவர்ப்பு உப்பு. பாக்டீரியா வளர முடியாத சூழலைத் தோலின் மேல் உண்டாக்குகிறது. குளித்துத் துடைத்ததும் ஈரம் முழுதும் போகுமுன் கல்லை நனைத்து இரண்டு தடவை தேய்த்தால் போதும். மணமில்லை, சட்டையில் கறையில்லை, ஒரு கட்டி மாதக்கணக்கில் வரும். வேர்வையை இது பெரிதாக நிறுத்தாது, நாற்றத்தைத்தான் குறைக்கும். வயலில் நாள் முழுக்க நனைகிறவர்களுக்கு வேர்வை நிற்கவே கூடாது. நாற்றம் போனால் போதும். சவரம் செய்த அன்று தடவினால் எரியும். ஒருநாள் விடுவது நல்லது. பொடித்து விற்கும் படிகாரத்தைவிடக் கட்டியே மேல். பொடி மடிப்புகளில் அதிகமாகச் சேர்ந்து தோலை வறட்டும்.

அடுத்து எலுமிச்சை. அக்குளில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக் குளி என்ற யோசனை வீட்டுக்கு வீடு உண்டு. புளிப்பு பாக்டீரியாவுக்கு ஆகாது என்பது உண்மைதான். ஆனால் எலுமிச்சையிலும் நார்த்தை வகைகளிலும், குறிப்பாகத் தோலில், ஃப்யூரனோகூமரின் என்ற சேர்மங்கள் இருக்கின்றன. அவை பட்ட தோலில் வெயில் பட்டால் ஒன்றிரண்டு நாளில் சிவந்து கொப்புளம் போடும். ஆறியபின் கருந்திட்டு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். அலுவலக அறையில் உட்காருகிறவருக்கு அக்குளில் வெயில் படாது. கரும்பு வெட்ட கையைத் தூக்குகிறவருக்கும், ரவிக்கையின் கை குட்டையாக உள்ளவருக்கும், பிழிந்த சாறு முழங்கைவரை வழிந்தவருக்கும் படும். வெயிலில் வேலைசெய்கிறவர்கள் காலையில் எலுமிச்சையைத் தொடாமல் இருப்பதே சரி.

இதே ஆபத்து நம் நலங்குமாவிலும் மறைந்திருப்பதைப் பற்றி ஏன் இவ்வளவு மௌனம் என்று எனக்கு விளங்கவில்லை. சித்த மருத்துவத்தில் சொல்லும் நலங்குமா, பச்சைப்பயறு, சந்தனம், வெட்டிவேர், விலாமிச்சை வேர், கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கார்போகரிசி என்ற ஏழும் சேர்ந்தது. அருமையான சேர்மானம். பயறு எண்ணெய்ப் பசையை எடுக்கும். சோப்பைப்போல் தோலின் புளிப்பை மாற்றாது. கிழங்குகளும் வேரும் மணம் தரும். ஆனால் கார்போகரிசியில் சோராலென் உண்டு. வெண்புள்ளி மருத்துவத்தில் மருந்தையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கொடுப்பதற்குப் பயன்படும் அதே வகைப் பொருள். தோலை வெயிலுக்குக் கூச்சப்பட வைப்பதுதான் அதன் வேலை. நன்றாகக் கழுவிவிட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. காலையில் தேய்த்து, அரைகுறையாகக் கழுவி, உச்சி வெயிலில் களையெடுக்கப் போகிறவருக்கு அது வேண்டாம். கார்போகரிசி இல்லாமல் அரைக்கச் சொல்லலாம். இல்லையென்றால் மாலைக் குளியலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சமையல் சோடாவுக்கும் இதேபோல் எச்சரிக்கை தேவை. தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்றுப் புளிப்பானது, பி.எச். 5-ஐ ஒட்டி. சோடாவின் பி.எச். 8-க்கு மேல். நாற்றம் போகும், பலருக்குச் சில வாரங்களில் தோல் சிவந்து, அரித்து, கறுத்துவிடும். அப்போது ‘உடம்பிலிருந்த நச்செல்லாம் வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்’ என்று சொல்கிற விற்பனைப் பேச்சு வரும். அது பொய். நச்சை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். அக்குளுக்கு அந்த வேலை இல்லை. அரித்தால் அந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நிறுத்திவிட வேண்டும்.

சோடாவோடு தேங்காயெண்ணெயும் கூவைக்கிழங்கு மாவும் கலந்து களிம்பாக்கும் செய்முறை ஒன்று பரவலாகப் புழங்குகிறது. அதை எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகும். பாகூரில் மார்கழி விடிகாலை தவிர அது கெட்டியாக நிற்பதே அரிது. அந்தக் களிம்பு இங்கே டப்பாவில் எண்ணெய் மேலும் மாவு கீழுமாகப் பிரிந்து கிடக்கும், ரவிக்கையில் வட்டமாகக் கறை வைக்கும். தேன்மெழுகு சேர்த்தால் நிற்கும். மெழுகு 60 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் இவ்வளவு சிரமப்படுவதற்கு என்ன பலன்? தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதற்குப் பாக்டீரியாவை அடக்கும் குணம் உண்டு. இரவில் ஒரு துளி தடவி விட்டால் அந்தக் குணம் கிடைத்துவிடும், வறண்ட தோலும் தேறும். சோடாவுக்குப் பதில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடோ துத்தநாக ஆக்சைடோ கலந்த கடைச்சரக்கு கிடைத்தால் அது பெரும்பாலான தோலுக்கு மென்மையானது. கடையில் ‘இயற்கை’ என்று விற்பவற்றில் நான் காசு கொடுக்கத் தகுந்தது என்று சொல்வது இந்த வகையைத்தான்.

வெட்டிவேர் நம் பக்கத்துப் பயிர். தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். அங்கே நொச்சிக்காடு போன்ற கடலோர ஊர்களின் மணல் நிலத்தில் விவசாயிகள் இதை வளர்க்கிறார்கள். நட்டு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்து, மணலைத் தோண்டி வேரை அறுந்துபோகாமல் எடுக்க வேண்டும். களிமண்ணில் விளைந்தால் வேரைப் பிரித்தெடுப்பதற்குள் கூலி விலையைத் தின்றுவிடும். அதனால்தான் அது மணற்பாங்கான இடத்துப் பயிர். வேரைக் காய்ச்சி வடித்த எண்ணெய் உலக வாசனைத் தொழிலில் மதிப்பானது, ஏனென்றால் அது மெதுவாக ஆவியாகி நீண்டநேரம் நிற்கும். வெட்டிவேர் நாரால் உடம்பு தேய்ப்பதும், குளிக்கும் தண்ணீரில் ஊறவைப்பதும் நல்ல பழக்கங்கள். தேய்ப்பதால் பழைய தோலும் எண்ணெய்ப் பசையும் போகும், மணமும் தங்கும். ஆனால் ஊறவைத்த தண்ணீர் பாக்டீரியாவைக் கொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எண்ணெய்க்கு ஆய்வகத்தில் தெரியும் திறன் வேறு, ஒரு பிடி வேர் ஊறிய பானைத் தண்ணீர் வேறு. மணத்துக்காகவே அதை விரும்பலாம். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் பத்து வகைத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் மாதவி கூந்தலைக் கழுவுகிறாள். துவர்ப்பும் வாசனையும் சேர்ந்த இந்தக் குளியல் முறை எவ்வளவு பழையது என்பதற்கு அது சான்று.

மஞ்சளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அது பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் எதிராகச் சிறிது வேலைசெய்யும். வெள்ளைச் சட்டைக்கு ஆகாது. கஸ்தூரி மஞ்சள் என்று கேட்டால் கடைகளில் பெரும்பாலும் வேறு கிழங்கின் பொடியைத்தான் தருகிறார்கள். வேப்பிலைத் தண்ணீர் கெடுதல் செய்யாது. வேப்பெண்ணெயைத் தடவினால் ஒரு வாடையை இன்னொரு வாடையால் மாற்றியதாகிவிடும்.

கிராமத்தில் நெடுங்காலமாக நிலைத்திருக்கும் டியோடரண்ட் பவுடர்தான் என்பதை இந்தப் பேச்சில் எல்லோரும் மறந்துவிடுகிறோம். நகரத்து வாசகருக்கு ‘வழக்கமான பொருள்’ என்றால் ரோல்-ஆன். பாகூர்ப் பக்கம் அது டால்கம் பவுடர். டால்க் ஈரத்தை உறிஞ்சி மணம் தரும், பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. சுரங்கத்தில் டால்க்கும் ஆஸ்பெஸ்டாஸும் அக்கம்பக்கமாகக் கிடைப்பதால் கலப்பு அபாயம் உண்டு. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2024 ஜூலையில் டால்க்கை ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற 2ஏ வரிசையில் சேர்த்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் 2023-இல் உலகம் முழுக்க டால்க் குழந்தைப் பவுடரை நிறுத்தி, சோளமாவுப் பவுடருக்கு மாறியது. ஆக, மாற்று தேட வேண்டிய முதல் பொருள் நம் வீடுகளில் அலுமினிய ரோல்-ஆன் அல்ல, குழந்தையின் மூக்குக்கு நேராகக் கொட்டும் பவுடர் டப்பா.

துணியையும் சொல்லாமல் விட முடியாது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் 26 பேரை உடற்பயிற்சி செய்யவைத்து, அவர்களுடைய சட்டைகளை மறுநாள் முகரவைத்தார்கள். பருத்தியைவிட பாலியஸ்டர் சட்டை மோசமாக நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா அந்த இழையில் நன்றாக வளர்ந்திருந்தது. நம் பள்ளிச் சீருடை, ஆலைச் சீருடை, நைட்டி, விலை குறைந்த சுடிதார் எல்லாவற்றிலும் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. குளித்துவிட்டு, துவைத்தும் வாடை போகாத சட்டையைப் போட்டால் பத்து நிமிடத்தில் பழைய நாற்றம் வரும். குற்றம் உடம்பின்மேல் விழும். கைப்பகுதியைத் திருப்பிவிட்டு வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, துவைத்து, உள்பக்கம் வெளியில் தெரிய வெயிலில் காயப்போடுவது எந்த ஸ்பிரேயையும்விட அதிகம் செய்யும்.

நாற்றத்தின் மீது வெட்கம் ஏறியதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த எட்னா மர்ஃபி, மருத்துவரான அவருடைய தந்தை அறுவைச் சிகிச்சையின்போது தன் கை வேர்க்காமலிருக்க உருவாக்கிய திரவத்தை ‘ஓடோரோனோ’ என்ற பெயரில் 1912-இல் அட்லாண்டிக் சிட்டி கண்காட்சியில் விற்றார். 1919-இல் அதற்கு எழுதிய விளம்பரம், பெண்ணின் பின்னால் மற்றவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்ற அச்சத்தை மூட்டியது. அதை வெளியிட்ட பத்திரிகையின் சந்தாதாரர்கள் பலர் கோபித்து விலகினார்கள். விற்பனை ஓராண்டில் இரட்டிப்பைத் தாண்டியது. பெண்களை வைத்து விற்கும் போக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. 2022 ஜூனில் ஒரு டியோடரண்டின் விளம்பரங்கள் பெண்களைக் கண்ணியக்குறைவாகக் காட்டுகின்றன என்று மத்திய அரசே நிறுத்தச் சொன்னது.

நம் பக்கத்தில் இந்த வெட்கம் சாதியோடும் கூலியோடும் பிணைந்தது. நெல் நட்டவரும் கரும்பு சுமந்தவரும் பஸ்ஸில் ஏறினால் முகத்தைச் சுளிக்கிற வழக்கம் நாகரிகத்தின் பெயரால் நடக்கிறது. அவருக்கு வேலை முடிந்த இடத்தில் குளிக்கத் தண்ணீர் இருந்ததா, மாற்றிக்கொள்ள மறைவு இருந்ததா என்று கேட்காதவருக்கு அந்தச் சுளிப்பில் உரிமை இல்லை. உடல் சுத்தத்தைச் சிறு பாக்கெட் வணிகமாக்கும் திறமைக்கு நம் வட்டாரமே பிறப்பிடம்: கடலூரின் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சாஷேயில் அடைத்தார், அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் ‘சிக்’ தொடங்கி அதைக் கிராமத்துக் குடும்பங்களின் கைக்கு எட்டவைத்தார், ‘ஸ்பின்ஸ்’ வாசனைப் பொருள்களும் அந்த நிறுவனத்துடையவை. பொருளை எட்டவைத்தது பெரிய காரியம். தண்ணீரையும் குளியலறையையும் எந்தச் சாஷேயிலும் அடைக்க முடியாது.

சில நாற்றங்களுக்கு மாற்றுப் பொருள் தேடுவதே தவறு. அக்குளில் வட்டமாகச் சிவந்து அரித்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். எலுமிச்சையும் சோடாவும் அதைக் கிளறும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதைப் படரவிட்டு மருந்துக்கு அடங்காததாக ஆக்கும். இந்தியா முழுக்கத் தோல் மருத்துவர்கள் இப்போது படும் பெரிய பாடு அது. அக்குளும் கழுத்தும் வெல்வெட்போல் தடித்துக் கறுத்தால் பெரும்பாலோர் அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்க்கிறார்கள், பழியை டியோடரண்டின்மேல் போடுகிறார்கள். அது இன்சுலின் சரியாக வேலைசெய்யாததன் அடையாளமாக இருக்கக்கூடும். சர்க்கரை நோய் பரவலாக உள்ள நம் மண்ணில், குறிப்பாகப் பருமனான பிள்ளைகளிடம் கண்டால், தேய்ப்பதை விட்டு ரத்தம் பார்க்க வேண்டும். திடீரென்று வாடை மாறுவது, ஒரு பக்கம் மட்டும் கட்டி கட்டியாகச் சீழ் வைப்பது, உள்ளங்கையும் அக்குளும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சொட்டுவது, இவையெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தோல் பிரிவிலோ காட்ட வேண்டியவை. அளவுக்கு மீறிய வேர்வைக்கு அங்கே தரும் முதல் மருந்து பெரும்பாலும் அலுமினியம் குளோரைடுதான். அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம்.

உடம்பு ஆரோக்கியமாக உள்ளவருக்கு என் யோசனை இது: அக்குள் முடியை ஒட்டக் கத்தரித்துக்கொள்ளுங்கள், சோப்பு தோலைத் தொடட்டும். வேலைக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். காலையில் படிகாரம், இரவில் தேவைப்பட்டால் தேங்காயெண்ணெய், மாலைக் குளியலுக்கு நலங்குமா, பருத்தி ரவிக்கை. புதிதாக எதைத் தொடங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் இரண்டு நாள் தடவிப் பார்த்துவிட்டு அக்குளுக்குக் கொண்டுபோங்கள். கல்யாணத்துக்கோ நேர்காணலுக்கோ போகும் நாளில் பிள்ளை ரோல்-ஆன் கேட்டால் தடுக்காதீர்கள். வயல் வேலைக்கும் அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்கும் ஆளெடுக்கும் இடங்களில், நிழலோடும் குடிநீரோடும் கூட, பெண்கள் கைகால் கழுவி உடை மாற்ற நான்கு தட்டி வைத்த மறைவும் ஒரு டிரம் தண்ணீரும் இருக்க வேண்டும் என்று கிராம மக்கள் கூடுமிடத்தில் கேளுங்கள்.